மின்னணுத் தடயம் நீதிமன்றத்தில் எப்படி நிற்கிறது?

2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் ஒரு பெண் காவல்துறையில் புகார் அளித்தார். யாஹூ குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசமான செய்திகள் இடப்பட்டிருந்தன. அவற்றை உண்மையென்று நம்பிய முன்பின் அறியாதவர்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்து வந்தனர். அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கு ஒன்றும் தொடங்கப்பட்டு, அதிலிருந்து அவருக்கே செய்திகள் அனுப்பப்பட்டன. சில நாட்களுக்குள் காவல்துறையினர் மும்பையில் ஒருவரைக் கைது செய்தனர். அவர் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர், அப்பெண்ணை மணக்க விரும்பியவர். எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 67-ஆவது பிரிவின்கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் தண்டனை என்று சட்டம் பயில்வோர் இவ்வழக்கைக் குறிப்பிடுவார்கள்.

அந்த வழக்கில் எதிர்த்தரப்பு எழுப்பிய வாதங்களில் இரண்டு நம் கவனத்துக்கு உரியவை. அச்செய்திகளை அப்பெண்ணின் முன்னாள் கணவரோ, ஏன் புகார் கொடுத்த பெண்ணோகூட அனுப்பியிருக்கலாம் என்பது முதல் வாதம். தாக்கல் செய்யப்பட்ட மின்னணு ஆவணங்களில் சில, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான நிபந்தனைகளைச் சொல்லும் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவின்படி ஏற்கத்தக்கவை அல்ல என்பது இரண்டாவது வாதம். இருபது ஆண்டுகள் கடந்தும், கருவிகள் எத்தனையோ மாறியும், மின்னணுக் குற்றப் புலனாய்வு இன்றும் இவ்விரு கேள்விகளுக்கு விடை சொல்வதாகவே இருக்கிறது: இதைச் செய்தவர் இவர்தானா? நீங்கள் காட்டும் பதிவு மாறாத பதிவுதானா? கணினித் தடயவியலை அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் மென்பொருள்களின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கருவியும் இந்த இரண்டில் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று பார்த்துப் படித்தால்தான் துறை விளங்கும் என்பது என் கருத்து.

மின்னணுக் குற்றம் என்றவுடன் கணினிக்குள் அத்துமீறி நுழைவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. பண மோசடி, போலிக் கணக்கு, மிரட்டல், அந்தரங்கப் படங்களைப் பரப்புதல் ஆகியவையும் இதில் அடங்கும். கணினியோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு கொலை வழக்கிலும் கைப்பேசியே முதன்மைச் சான்றாக இருக்கக்கூடும். ஆகவே இங்கே சொல்லப்படும் முறைகள் ஏதோ ஒரு சிறப்புப் பிரிவுக்கு மட்டும் உரியவை என்று கருத வேண்டாம்.

கைப்பற்றும் நேரம்

மின்னணுத் தடயத்தின் பெரிய பலவீனம், அதைப் பார்ப்பதாலேயே அது மாறிவிடும் என்பது. அணைந்திருக்கும் ஒரு மடிக்கணினியை இயக்கினால், யாரும் ஒரு விசையைக்கூட அழுத்தாத நிலையிலும், இயங்குதளம் தன் போக்கில் பல கோப்புகளில் எழுதுகிறது, தேதிகளைப் புதுப்பிக்கிறது, தற்காலிகக் கோப்புகளை நீக்குகிறது. “உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்” என்று நினைத்து ஒரு காவலர் அதைத் திறந்தால், பின்னாளில் அந்தக் கோப்பைத் திறந்தவர் யார் என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். அணைந்திருக்கும் கருவியை இயக்கக்கூடாது என்பது அதனால் உருவான விதி.

ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு வேறு கணக்கு. கணினியின் தற்காலிக நினைவகமான ராமில், அந்த நேரத்தில் இயங்கும் நிரல்கள், திறந்திருக்கும் இணைய இணைப்புகள், பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்கும் மறைவிசைகள் ஆகியவை இருக்கின்றன. மின்சாரம் நின்றவுடன் அவை போய்விடும். எது முதலில் அழியுமோ அதையே முதலில் சேகரிக்க வேண்டும் என்ற வரிசைமுறை 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3227 என்ற வழிகாட்டு ஆவணத்தில் எழுத்து வடிவம் பெற்றது. நினைவகம் முதலில், வட்டு அதன் பிறகு. நினைவகத்தின் நகலைப் பிற்பாடு ஆராய வொலாட்டிலிட்டி என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது.

இந்த விதியின் முக்கியத்துவத்தை 2013 அக்டோபர் 1-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் நடந்த கைது நன்றாகக் காட்டுகிறது. சில்க் ரோடு என்ற மறைவலை (டார்க் வெப்) சந்தையை நடத்தி வந்த ராஸ் உல்பிரிக்ட் தன் மடிக்கணினியோடு அங்கே அமர்ந்திருந்தார். அதன் வட்டு முழுவதும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டது. மூடியை அவர் மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியாமல் போகலாம். ஆகவே அமெரிக்கப் புலனாய்வாளர்கள் இருவர் அவருக்குப் பின்னால் சண்டையிடுவதுபோல் நடித்தனர். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் இன்னொருவர் திறந்த நிலையிலேயே கணினியை எடுத்துக்கொண்டார். அவர் அப்போது அச்சந்தையின் நிர்வாகியாக உள்நுழைந்திருந்தார். அவரே எழுதி வந்த நாட்குறிப்பும் கணினிக்குள் கிடைத்தது. உலகின் எந்த மென்பொருளாலும் பெற்றுத்தர முடியாத சான்றை, சரியான நேரத்தில் நீண்ட ஒரு கை பெற்றுத்தந்தது.

கைப்பேசியில் வேறோர் ஆபத்து உண்டு. உரிமையாளர் தொலைவிலிருந்தே அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிட முடியும். அதனால் அதை விமானப் பயன்முறைக்கு மாற்றுவார்கள், அல்லது வானலைகள் உட்புகாத ஃபாரடே பையில் இடுவார்கள். பைக்குள் இருக்கும் கைப்பேசி அலைக்கற்றையைத் தேடித்தேடி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் என்பதால் அதற்கு மின்னூட்டமும் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தக் கருவி, என்ன நிலையில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்பதெல்லாம் கைப்பற்றுதல் மகஜரில் பதிவாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மகஜரின் வரிகளை மட்டுமே நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம்.

நகலும் ஹாஷ் மதிப்பும்

ஆய்வகத்தில் மூலக் கருவியின்மீது யாரும் ஆய்வு நடத்துவதில்லை. வட்டைக் கழற்றி, எழுதுவதைத் தடுக்கும் ஒரு சிறு கருவி வழியாக ஆய்வுக் கணினியோடு இணைக்கிறார்கள். ரைட் பிளாக்கர் என்று அழைக்கப்படும் அக்கருவி, வட்டிலிருந்து படிக்கும் கட்டளையை அனுமதித்து, வட்டில் எழுதும் கட்டளையை நிறுத்திவிடும். பின்னர் வட்டின் முதல் பிட்டிலிருந்து கடைசிப் பிட் வரை, கோப்புகள் இல்லாத காலி இடத்தையும் சேர்த்து, அப்படியே ஒரு நகல் எடுக்கப்படுகிறது. எஃப்.டி.கே. இமேஜர் போன்ற மென்பொருளிலும் இதைச் செய்யலாம். லினக்ஸில் பழங்காலம் முதல் இருந்துவரும் டிடி என்ற கட்டளையாலும் செய்யலாம். நாம் வழக்கமாகச் செய்யும் காப்பி-பேஸ்ட் இதற்கு உதவாது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை மட்டுமே எடுக்கும். அழிக்கப்பட்டவற்றின் மிச்சங்களை விட்டுவிடும்.

நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதை எப்படி நிறுவுவது? இங்கேதான் ஹாஷ் வருகிறது. இந்தத் துறையில் தொடக்கநிலையினர் ஒன்றை மட்டும் ஆழமாகப் புரிந்துகொள்ள முடியுமென்றால் இதைப் புரிந்துகொள்ளட்டும் என்பேன். ஹாஷ் என்பது எவ்வளவு பெரிய தரவையும் உள்வாங்கி, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணெழுத்துச் சரமாக்கித் தரும் கணித முறை. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அந்தச் சரம் எப்போதும் 64 எழுத்துகள் கொண்டது. ஒரு வரிக் கடிதத்துக்கும் அதே 64, ஒரு டெராபைட் வட்டுக்கும் அதே 64. உள்ளே இருப்பதில் ஒரேயொரு காற்புள்ளியை மாற்றினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். எனவே கைப்பற்றிய அன்று வட்டின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டால், மூன்று ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் எவர் வேண்டுமானாலும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் இடைப்பட்ட காலத்தில் அதில் எதுவும் மாறவில்லை என்று பொருள். காவலரின் சொல்லையோ ஆய்வாளரின் நேர்மையையோ நம்பியிருக்க வேண்டிய தேவையை இந்தக் கணக்கு பெருமளவு குறைத்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது பாதுகாப்பு.

பழைய எம்.டி.5 முறையில், வெவ்வேறு உள்ளடக்கமுள்ள இரு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரும்படி செய்ய முடியும் என்று 2004-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினர். எஸ்.எச்.ஏ.-1 முறையில் அதையே 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்து காட்டின. ஏற்கெனவே பதிவான ஒரு வட்டின் மதிப்புக்குப் பொருந்தும்படி அந்த வட்டை மாற்றியமைப்பது இதைவிட மிகக் கடினமான வேலை. ஆனாலும் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடம் தருவானேன் என்று இப்போது எஸ்.எச்.ஏ.-256 முறையையோ, இரண்டு முறைகளைச் சேர்த்தோ பயன்படுத்துகிறார்கள்.

அழித்தவை, மறந்தவை

ஒரு கோப்பை அழித்தால் அது எங்கே போகிறது? பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் அது எங்கும் போவதில்லை. ஊராட்சிப் பதிவேட்டிலிருந்து ஒரு வீட்டின் கதவு எண்ணை நீக்கிவிட்டால் வீடு இடிந்துவிடாது. வேறொருவர் வந்து அந்த மனையில் கட்டும்வரை அது அங்கேயே நிற்கும். அதுபோலக் கோப்பின் பெயரும் இருப்பிடமும் அட்டவணையிலிருந்து நீக்கப்படுகின்றன. உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை இருக்கிறது. கோப்பு வகைகளுக்கென்று தனி அடையாளங்கள் உண்டு: ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்.எஃப். டி.8 என்ற குறியீட்டோடு தொடங்கி எஃப்.எஃப். டி.9 என்ற குறியீட்டோடு முடியும். ஆட்டாப்சி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வட்டின் காலி இடத்தில் இக்குறியீடுகளைத் தேடி, இடைப்பட்டதை எடுத்துப் படமாக்கித் தருகின்றன.

எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் இந்த நம்பிக்கை குறைவு. அழிக்கப்பட்ட இடம் எது என்பதை இயங்குதளம் டிரிம் என்ற கட்டளையால் வட்டுக்கே தெரிவித்துவிடுகிறது. வட்டு தானாகவே அவ்விடத்தைத் துடைத்து வைக்கிறது. மறையாக்கம் செய்யப்பட்ட இன்றைய கைப்பேசிகளிலும் மீட்பது கடினம். “அழித்த எதையும் மீட்கலாம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அழித்தவற்றைவிட, மறந்துபோனவையே பல வழக்குகளில் வழிகாட்டியுள்ளன. கோப்புக்குள் உள்ளடக்கத்தோடு சேர்ந்து அதைப் பற்றிய குறிப்புகளும் இருக்கின்றன. இவற்றை மெட்டாடேட்டா என்கிறோம். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவன் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தான். 2005-இல் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஃபிளாப்பி வட்டு ஒன்றை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு கோப்பின் மெட்டாடேட்டாவில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் ‘டென்னிஸ்’ என்ற குறிப்பும் இருந்தன. அத்தேவாலயத்தின் மன்றத் தலைவராக டென்னிஸ் ரேடர் என்பவர் இருந்தார். காவல்துறையினர் அதை மட்டும் வைத்துக் கைது செய்யவில்லை. அவருடைய மகளின் மருத்துவ மாதிரியிலிருந்து மரபணுவை ஒப்பிட்டு, அது கொலை நடந்த இடத்தில் கிடைத்ததோடு குடும்ப வழியில் பொருந்துவதைக் கண்ட பிறகே கைது செய்தனர். வட்டு ஒரு பெயரைக் காட்டியது. அந்தப் பெயருக்குரிய மனிதரே கொலையாளி என்பதை வேறொரு துறை நிறுவியது.

நேரம் குறித்து ஓர் எச்சரிக்கை. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறை நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. பென் டிரைவ்களில் காணப்படும் பழைய ஃபேட் முறை உள்ளூர் நேரத்தில் சேமிக்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், மூன்றாம் தேதி இரவு 8:15 என்று ஒரு சர்வரின் பதிவு காட்டுவது நமக்கு நான்காம் தேதி அதிகாலை 1:45. இதைக் கவனிக்காமல் அறிக்கை எழுதினால், குற்றம் நடந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்த ஒருவர் சிக்கிக்கொள்ளலாம். கருவியின் கடிகாரம் எவ்வளவு முன்பின்னாக ஓடியது என்பதையும் கைப்பற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் பின்தொடர்தல்

ஒரு மின்னஞ்சலின் மேலே தெரியும் அனுப்புநர் பெயரை எவரும் போலியாக இடலாம். ஆனால் அஞ்சல் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையைத் தலைப்புப் பகுதியில் சேர்க்கிறது. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அது புறப்பட்ட இடம் ஓரளவு தெரியும். அடிவரிகளிலும் பொய் இருக்கக்கூடும் என்பதால், நம்பத்தக்க சர்வர் எழுதிய வரி எதுவென்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். கிடைக்கும் ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்புக்கு ஒதுக்கப்படும் எண்ணை, இணையச் சேவை நிறுவனத்திடம் கொடுத்து, அந்த நேரத்தில் அது யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று கேட்பது அடுத்த படி.

முன்பு ஒரு முகவரிக்கு ஓர் இணைப்பு என்ற நிலை பெரும்பாலும் இருந்தது. இன்று கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஆகவே முகவரி மட்டும் போதாது. ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். சர்வரின் பதிவேட்டில் போர்ட் எண் சேமிக்கப்படவில்லை என்றால் தேடல் அங்கேயே நின்றுவிடக்கூடும். தகவல் அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கையாளும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு சொல்கிறது. புகார் தாமதமானால் பதிவேடுகள் இருக்காது என்பதையும் இந்தக் கெடு மறைமுகமாக உணர்த்துகிறது.

சென்னை வழக்கில் இந்தத் தேடல் பொது இணைய மையங்களில் போய் முடிந்தது. யார் வேண்டுமானாலும் வந்து அமரும் இடம் அது. அங்கே விடையளித்தவர்கள் அம்மையங்களை நடத்தியவர்கள். அவர்களுடைய சாட்சியம் நீதிமன்றத்தில் எடுபட்டது. சில்க் ரோடு வழக்கிலும் உல்பிரிக்டின் பெயரை முதலில் கண்டெடுத்தவர்களில் ஒருவர், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி கூகுளில் தேடிய ஒரு வரித்துறை அதிகாரி. அந்தச் சந்தையைப் பற்றி 2011-இல் விளம்பரம் செய்த ஒரு புனைபெயர், வேறோர் இடத்தில் உல்பிரிக்டின் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தது.

பணத்தைப் பின்தொடர்வதும் இதில் சேரும். மறைநாணயம் (கிரிப்டோகரன்சி) தடம் தெரியாதது என்ற எண்ணம் தவறு. பிட்காயின் பரிமாற்றங்கள் அனைத்தும் யாரும் படிக்கக்கூடிய பொதுப் பேரேட்டில் நிலையாக இருக்கின்றன. 2016-இல் பிட்ஃபினெக்ஸ் சந்தையிலிருந்து களவாடப்பட்ட நாணயங்களில் ஏறத்தாழ 94,000 பிட்காயின்களை அமெரிக்க அரசு 2022-இல் கைப்பற்றியது. அவற்றின் மறைவிசைகள் கிளவுட் கணக்கு ஒன்றில் சேமித்திருந்த கோப்பில் இருந்தன.

கோப்பு இருக்கிறது, வைத்தவர் யார்?

ஒருவரின் கணினியில் ஒரு கோப்பு இருப்பதால் மட்டும் அதை அவர்தான் வைத்தார் என்று ஆகிவிடாது. பீமா கோரேகான் வன்முறையைத் தொடர்ந்து செயற்பாட்டாளர்கள் பலர்மீது தொடரப்பட்ட எல்கார் பரிஷத் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் மடிக்கணினி நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், நெட்வயர் என்ற வேவு மென்பொருள் வழியாக அதில் ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டன என்று 2021-இல் அறிக்கை அளித்தது. அரசுத் தரப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. நீதிமன்றம் என்ன முடிவு செய்தாலும், கற்பவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஒரு கோப்பு எந்த நிரலால் உருவானது, பயனர் அதை ஒருமுறையாவது திறந்தாரா, அப்போது கணினியில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றைக் கேட்காத அறிக்கை பாதி அறிக்கைதான். கருவி தரும் பட்டியலை அச்சிட்டுக் கையொப்பமிடுவது புலனாய்வு ஆகாது.

சட்டத்தின் இடம் இங்கே வருகிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது, அது எந்தக் கருவியில் எப்படி உருவானது என்று உறுதிகூறும் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் கூறியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் முன்வைத்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு தெளிவாக்கியது. இந்தியச் சான்றுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63-ஆவது பிரிவு, சான்றிதழை இரு பகுதிகளாக்கியுள்ளது: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். அப்படிவத்தில் ஹாஷ் மதிப்பையும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். ஆய்வகத்தில் மட்டும் புழங்கிய ஒரு கணக்கு இப்போது சட்டத்தின் படிவத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பவை

முதல் தடயம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் கைப்பேசியில்தான் இருக்கிறது. அவமானத்தாலும் அச்சத்தாலும் அதை அவரே அழித்துவிடுவதுதான் அடிக்கடி நிகழும் இழப்பு. மிரட்டல் செய்திகளை நீக்க வேண்டாம். அனுப்பியவரைத் தடை செய்யும் முன் அவருடைய கணக்கின் முழு இணைய முகவரியையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் காட்டப்படும் பெயரை அவர் எந்த நொடியிலும் மாற்றிவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது நல்லது. அது வெறும் படம் என்பதால், அந்த உரையாடல் மூலக் கைப்பேசியிலும் இருக்கட்டும். மின்னஞ்சலை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் முன்பு சொன்ன தலைப்பு வரிகள் போய்விடும். மூல அஞ்சலைக் கோப்பாகத் தரவிறக்கி வையுங்கள். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து எதையும் மீட்கச் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிருந்தால், பரிவர்த்தனை எண்ணோடு உடனே 1930-ஐ அழையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். மோசடிப் பணம் சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டுவிடும். அதற்கு முன் தகவல் சென்றடைந்தால், இடையிலுள்ள வங்கிக் கணக்கிலேயே அந்தத் தொகையை நிறுத்திவைக்க வழியுண்டு.